20 வருட மலச்சிக்கல் இருக்கட்டும், ஹீமோகுளோபின் ஏன் குறைந்தது?

வாயு, ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவு, தலைபாரம், குடலில் கழிவு தேங்கி விஷமாகிவிட்டதோ என்ற சந்தேகம் எல்லாவற்றையும் கடிதத்தில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில் மட்டும் போகிற போக்கில் ஒரு வரி: "ஹீமோகுளோபின் 8.9 என்று நாலு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், அதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது." அதற்கு இரண்டு வரி தள்ளி, அண்ணனுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்த செய்தி. கேள்வியாக நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க இருப்பது அந்தப் பயம்தான்.

20 வருடமாக இருக்கும் மலச்சிக்கல் புற்றுநோயாக மாறாது. மலம் இரண்டு நாள் கூடுதலாகக் குடலில் தங்குவதால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். விடக் கூடாதது அந்த 8.9.

உங்களுக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. மாதாமாதம் ரத்தம் போகாத ஒரு பெண்ணுக்கு உடலில் இரும்பு குறைந்தால், எங்கோ ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கசிவு பெரும்பாலும் இரைப்பையிலோ குடலிலோ இருக்கும். "நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது இந்த வயதில் பாதி வைத்தியம்தான்.

பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது, அங்கே மலம் இன்னும் குழம்பு பதத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் சீக்கிரத்தில் அடைக்காது, வலிக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பலருக்கு முதல் அடையாளமே ரத்தசோகைதான். இடப்பக்கம் குடல் குறுகலானது, மலமும் கெட்டி. அங்கே வந்தால் மலம் கழிக்கும் வழக்கம் மாறும், மலத்தோடு ரத்தம் கலந்து வரும். அதனால் எத்தனை வருடமாக மலச்சிக்கல் என்பதை விட, எப்போதிலிருந்து அது மாறியது என்பதே எனக்கு முக்கியம். நாலு மாதமாக வழக்கமான சூரணமும் கேட்கவில்லை என்கிறீர்கள். அதே நாலு மாதமாகத்தான் இரும்பு மாத்திரையும். மாத்திரை மலத்தைக் கட்டியிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் குடலைப் பார்க்காமல் அப்படி முடிவுகட்ட முடியாது.

மலத்தின் கறுப்பும் பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான். இரும்பால் வரும் கறுப்பில் லேசாகப் பச்சை கலந்திருக்கும், மலம் உருண்டு கெட்டியாகவே இருக்கும். தார் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு, சகிக்க முடியாத நாற்றத்தோடு இளகிப் போனால் அது பெரும்பாலும் இரைப்பைப் பக்கம் கசிந்த ரத்தம். அப்படிப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் பழைய ரத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) பார்த்திருந்தால், 15-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு உறுதி. ரத்தசோகையும் சேர்ந்திருக்கும்போது 45 வரைகூட இரும்புக் குறைவு என்றே சந்தேகிக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் எம்.சி.வி. என்ற எண் (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 80-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். நாலு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு இன்றைக்கு ஃபெரிட்டின் எடுத்தால் நன்றாகவே வரலாம், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மலத்தில் மறை ரத்தம் இல்லை என்று ஒரு ரிப்போர்ட் வந்தாலும் உங்கள் விஷயத்தில் அது போதாது. இவையெல்லாம் சரியாகவே இருந்தாலும் அண்ணனின் நோய் ஒன்றே போதும். உடன்பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தோ, எது முன்னதோ அப்போதிருந்து கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. உங்கள் தம்பி தங்கைகளுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் "அதெல்லாம் மூலம்தான்" என்றாராம். மூல ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், மலம் போன பிறகு சொட்டும். அது ஹீமோகுளோபினை 8.9 வரை இறக்குவது அபூர்வம். பார்க்காமல் மூலம் என்று சொல்ல அவருக்கும் உரிமையில்லை, மருத்துவருக்கும் இல்லை. ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதையே இதுவரை யாரும் செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

கொலனோஸ்கோபியும் இரைப்பை எண்டோஸ்கோபியும் ஒரே நாளில் செய்துவிடலாம். குழாய் என்றதும் பயப்படுகிறீர்கள். உண்மையில் கஷ்டம் முந்தைய நாள் வயிற்றைக் காலி செய்வதில்தான். இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். கொய்யா, தக்காளி, கீரை, கேழ்வரகு இவற்றை மூன்று நாள் முன்பே விட்டுவிடுங்கள். முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் சேர்க்காத டீ மட்டும். பேதிக் கரைசலைப் பாதி அன்று இரவு, மீதிப் பாதி மறுநாள் விடியற்காலை குடிக்க வேண்டும். மொத்தத்தையும் இரவிலேயே குடித்து முடிப்பவர்களுக்குத்தான் வலப்பக்கம் சுத்தமாவதில்லை. நாள்பட்ட மலச்சிக்கல் உண்டு என்பதை முன்பே சொல்லுங்கள், சில நாள் முன்னிருந்தே இளக்கி மருந்து தருவார்கள். சொல்லாமல் போனால் பாதி குடல்தான் தெரியும், இரண்டாம் முறை வரச் சொல்வார்கள். மஞ்சள் கலந்த தெளிந்த தண்ணீராகப் போனால் வயிறு தயார். மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சி) இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள். பாலிப் புற்றுநோயாக மாற ஏறக்குறைய பத்து வருடம் பிடிக்கும் என்பதால், இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல, வராமல் தடுக்கவும்தான்.

இனி மலச்சிக்கலுக்கு வருவோம். தினமும் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான். நாக்கின் வெள்ளைப் படிவு, ஏப்பம் இரண்டையும் மறந்துவிடுங்கள். குடலில் விஷம் சேர்கிறது என்ற வீடியோக்கள் நூறு வருடப் பழைய கதையைத் திரும்பச் சொல்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை மருத்துவர் இதை நம்பி, மலச்சிக்கல்காரர்களுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவம் அதைக் கைவிட்டு வெகு காலமாகிறது, யூடியூப் இன்னும் கைவிடவில்லை. காபி எனிமா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காபியைக் குடியுங்கள், போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போகும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சாப்பிடும் பி.பி. மாத்திரையில் தையசைடு என்ற, சிறுநீரைப் பிரியச் செய்யும் மருந்து இருக்கிறது. அது ஏற்கெனவே பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. பேதியும் அதையே செய்யும். பொட்டாசியம் இறங்கினால் குடல் இன்னும் மந்தமாகும். அப்போது மறுபடி பேதி மருந்து தேடுவீர்கள். அந்தத் தையசைடே ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றவும் செய்யும். மூட்டு வலிக்கென்று நீங்களாகவே வாங்கிச் சாப்பிடும் கால்சியம் மாத்திரை அதோடு சேர்கிறது. கால்சியம் ஏறினாலும் மலம் கட்டும். அதனால் பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஐந்தையும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் அலுமினியம் கலந்த ஜெல், இரும்பு மூன்றுமே மலத்தைக் கட்டக்கூடியவை. முதல் இரண்டையும் நிறுத்திவிடலாம். ஸ்கோப்புக்கு முந்தைய அந்த ஒரு வாரம் தவிர இரும்பை நிறுத்தக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே வேளையாகச் சாப்பிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், வயிற்றுத் தொல்லை குறையும்.

எல்லோரும் சொல்லும் இசப்கோல் என்ற நார்ப்பொடியை ஸ்கோப் முடியும்வரை தொடாதீர்கள். குடல் எங்காவது குறுகியிருந்தால் அது ஊதி அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதுவரை கிரியேட்டினின் சரியாக இருந்தால், பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கிப் பவுடர் 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில், தினம் ஒரு வேளை. வேலை செய்ய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். முதல் நாளே போகவில்லை என்று இரட்டிப்பாக்காதீர்கள். லாக்டுலோஸ் சிரப்பும் சரிதான், ஆனால் வாயு உங்களுக்கு இன்னும் அதிகமாகும். மூன்று நாள் போகவில்லையென்றால் இரவில் பிசகோடில் என்ற மலமிளக்கி மாத்திரை 5 மில்லிகிராம் ஒன்று, காலையில் போகும். அதைப் பாலோடோ ஆன்டாசிட்டோடோ விழுங்கினால் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிடித்து இழுக்கும். பழகிவிடுமோ, குடல் செத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், அளவோடு எடுத்தால் அப்படி ஆவதில்லை. உங்கள் சூரணத்தில் இருப்பதும் பெரும்பாலும் நிலாவாரைதான். மருந்தாக அது மோசமில்லை. ஒரு ஸ்பூனில் எவ்வளவு இருக்கிறது, கூட என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் இல்லாததுதான் எனக்குப் பிடிக்காதது.

ஸ்கோப் சரியாக வந்துவிட்டால் நார்ச்சத்து. காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் நார் எங்கிருந்து வரும்? 100 கிராம் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம், ஒரு நடுத்தரக் கொய்யாவில் 5 கிராமாவது உண்டு. நாளைக்கு 25 கிராம் இலக்கு. மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பி மறுவாரமே விட்டுவிடுவீர்கள். இசப்கோல் ஒரு டீஸ்பூனில் தொடங்கி இரண்டு வரை, முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிப்பதால் மலம் இளகாது, சிறுநீர்தான் போகும். இரண்டு லிட்டர் போதும்.

கடைசிப் பக்கத்தில் கூச்சப்பட்டு எழுதியிருப்பது: முக்கினாலும் வாசலிலேயே நிற்கிறது, சில நாள் விரலால் எடுக்க வேண்டியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கடிதத்தில் இரண்டாவது முக்கியமான தகவல் இதுதான். இது வெறும் குடல் மந்தமாகத் தெரியவில்லை. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை அநேகமாக இறுகிக்கொள்கிறது; கதவைச் சாத்திக்கொண்டு தள்ளுகிறீர்கள். எத்தனை சூரணம் தின்றாலும் இது தீராது. ஆசனவாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி என்ற பரிசோதனையில் இது தெரியும், அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பயோஃபீட்பேக் பயிற்சியில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிறது. சென்னை, வேலூர், கோவையின் பெரிய மருத்துவமனைகளில் இரைப்பைக் குடல் பிரிவில் கேளுங்கள். அதுவரை காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் போய் உட்காருங்கள், பெருங்குடல் தானாக அசையும் நேரம் அதுதான். முழங்கால் வலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியிருக்கிறீர்கள். காலடியில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வருமாறு முன்னால் சாய்ந்து உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செல்போனை வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்த மலமிளக்கியும் சாப்பிடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பேத்திக்கும் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கக் கூடாது. அழும் குழந்தையின் வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அவள் வயது என்ன, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கிறாள், மலம் கழிக்கும்போது வலியில் அழுகிறாளா என்று தனியாக எழுதுங்கள்.