கை நடுக்கத்தோடு வீட்டிலேயே இருக்காதீர்கள்

நண்பரே, எட்டு வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர் மது குடித்தேன், நேற்று காலையிலிருந்து அடியோடு நிறுத்திவிட்டேன், கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தத் துணிந்தது பெரிய விஷயம். ஆனால் இன்றே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தனியாகப் போக வேண்டாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

என் அண்ணனும் இப்படித்தான் வைராக்கியமாக நிறுத்தினார். இரண்டாம் நாள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி லுங்கியில் கொட்டியது. அன்று இரவே வலிப்பு. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், அடுத்த நாட்களில் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து. நடுக்கத்துக்கு மாத்திரை, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி எல்லாம் கொடுத்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். சீட்டில் மனநலப் பிரிவு என்று எழுதினால் கூச்சப்படாதீர்கள், குடிக்கு வைத்தியம் அங்கேதான்.

போதை மீட்புக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அப்புறம், உடம்பு தேறியதும் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கட்டணம் கிடையாது, யாரென்று வெளியே சொல்ல மாட்டார்கள். அண்ணன் முதல் நாள் கடைசி நாற்காலியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமும் போனார்.

டாக்டரைப் பார்த்ததும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.