வருஷ மழை அளவு பெரிதாகக் குறையவில்லையே, பிறகு ஏன் மானாவாரி விவசாயிகள் "மழை மாறிவிட்டது" என்கிறார்கள்?

ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் மாணவராக இருக்கலாம், எங்காவது அறிக்கை எழுதுகிறவராக இருக்கலாம். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இதே கேள்வியை, நாங்கள் ஏதோ நிவாரணத்துக்காக மூக்கால் அழுவது போன்ற தொனியில் எங்கள் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நாங்கள் விளாத்திகுளம் பக்கம். கரிசல் புஞ்சை, கிணறு கிடையாது, வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் கதி. தூத்துக்குடி மாவட்டத்தின் வருஷ சராசரி மழை ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மாவட்டத்துக்கு அமோக மழை. அதே வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கவே மழை பற்றாக்குறை. அக்டோபர் என்பது எங்களுக்கு விதைப்பும் முளைப்பும் நடக்கிற நேரம். டிசம்பர் வெள்ளத்தை எடுத்து அக்டோபர் புழுதியில் ஊற்ற முடியுமா? கூட்டல் கணக்கு அதைத்தான் செய்கிறது.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாவிட்டால் இது புரியாது. கோடையில் கை உள்ளே நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழைத் தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே உள்ளே போகும். மண் ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். ஐப்பசியில் நாள் கணக்கில் நசநசவென்று பெய்கிற அடைமழைதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. அப்படி ஓர் ஈரம் ஏறிவிட்டால் போதும், மார்கழியில் மழையே இல்லாவிட்டாலும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் அந்த ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். ஒரே ராத்திரியில் மொத்தமாகக் கொட்டினால் பாதி வரப்பைத் தாண்டி ஓடைக்குப் போகும், மீதி வயலிலேயே நின்று வேரை அழுகவைக்கும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. புரட்டாசி பிறந்ததும் வழக்கம்போல ஈரமில்லாத புழுதியிலேயே உளுந்து விதைத்தோம். எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவதுதான் முறை, ஏனென்றால் மழை விழுந்த பிறகு நிலம் கொஞ்சம் காயும்வரை கரிசலில் டிராக்டர் இறங்காது. விதைத்த கொஞ்ச நாளில் நல்ல மழை. வரிசை பிடித்து முளைத்து, இரண்டு இலை விட்டு, பார்க்கவே கண் நிறைந்திருந்தது. அப்புறம் வானம் வெளுத்துவிட்டது. மத்தியானம் போய்ப் பார்த்தால் செடி தலையைத் தொங்கப் போட்டிருக்கும், விடியற்காலையில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். பிறகு விடியற்காலையிலும் நிமிரவில்லை. அப்பா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். ஆணிவேர் நூல் மாதிரி கறுத்திருந்தது. "ஓர் உழவு மழை இந்த வாரம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும்" என்றார். உழவு மழை என்றால் உழவு போடுகிற அளவுக்கு மண்ணை நனைக்கிற மழை. மழை வந்து நிலம் கொஞ்சம் காய்ந்ததும் மறுபடி உழுது, மறுபடி விதை வாங்கி விதைத்தோம். அந்த வருஷப் பதிவில் எங்கள் பகுதி மழை "இயல்பு" என்றுதான் இருக்கும். விதைக்கும் உழவுக்கும் இரண்டாம் முறை கொடுத்த காசு எந்தப் பதிவிலும் இருக்காது.

இதற்கு நேர் எதிராக 2021 ஜனவரி. பொங்கலை ஒட்டி விடாமல் பெய்தது. நெற்று முற்றிய உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. மக்காச்சோளக் கதிரை உரித்தால் பூஞ்சை. ஜனவரியில் அப்படி ஒரு மழையை எங்கள் ஊர்ப் பெரியவர்களே பார்த்ததில்லை என்றார்கள்.

"பஞ்சமும் வெள்ளமும் காலங்காலமாக இருப்பதுதானே, தாது வருஷப் பஞ்சத்தை விடவா?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். 1876-78 பஞ்சத்தை நான் மறுக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை எப்போதுமே வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்குவதுதான். சென்னை வெள்ளம் வந்த 2015, இந்த 2023 இரண்டிலும் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகி மழையை மாற்றுகிற நிலை, இருந்தது என்பதும் தெரியும். எந்த ஒரு மழையையும் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிப்படை மாறியிருக்கிறது. 1951க்கும் 2015க்கும் நடுவில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அத்தனையும் சேர்ந்து இறங்குகிறது, பெய்யாத நாட்களில் அதே சூடு மண்ணின் ஈரத்தை முன்பை விட வேகமாக உறிஞ்சுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் உளுந்து நிற்கிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பிரீமியம் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் இழப்பைக் கணக்கிடுவது பெரும்பாலும் தனித்தனிப் புஞ்சைக்கு இல்லை, ஒரு குறிப்பிட்ட பகுதியின் சராசரி மகசூலுக்கு. இப்போதெல்லாம் மழை ரோட்டுக்குக் கிழக்கே பெய்கிறது, மேற்கே பெய்வதில்லை. "உங்க ஊர்ச் சராசரி நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி" என்று விசாரிக்கப் போன இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். சராசரியை வைத்துக்கொண்டு கூட்டுறவுக் கடனை அடைக்க முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இத்தனையும் தப்பி மக்காச்சோளம் கதிர் பிடித்தால் காட்டுப்பன்றி வருகிறது. சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டி, டார்ச்சும் வெடியுமாக ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிறோம். ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் தின்பதை விட ஒடித்துப் போடுவதுதான் அதிகம். மனு கொடுத்தால் "ஆய்வு செய்கிறோம்" என்கிறார்கள். கதிர் அறுத்த பிறகு வந்து எதை ஆய்வு செய்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்களும் சும்மா இருக்கவில்லை. புஞ்சையின் தாழ்ந்த மூலையில் மழைத் தண்ணீரைத் தேக்கிவைக்கப் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். பாதி நிலத்தில் மறுபடியும் கம்பும் குதிரைவாலியும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே கொடுத்த ரகங்கள் இருக்கின்றன, நடுவில் கொஞ்சம் காய்ந்தாலும் தாங்குகின்றன. மக்காச்சோளத்தை முழுக்க விடமுடியவில்லை. கோழித்தீவனத்துக்கு உடனே விலை போகிறது, வீட்டுச் செலவுக்குக் காசு வேண்டும்.

உங்களுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஆண்டு மொத்தத்தை விட்டுவிட்டு தினசரி மழைப் பதிவை எடுங்கள். 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். புரட்டாசியிலிருந்து தை வரை எத்தனை மழை நாள், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, மொத்தத்தில் எத்தனை பங்கு ஒரே நாளில் விழுந்தது என்று வருஷவாரியாக எழுதிப் பாருங்கள். முப்பது வருஷமாவது எடுத்தால் நல்லது. விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். மாவட்டத்துக்கு மொத்தமாகப் போட்டால் திருச்செந்தூர்க் கடற்கரையில் பெய்தது எங்கள் புஞ்சைக் கணக்கில் வந்துவிடும்.