க்ளஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சர்வீஸ்கள் ரீஸ்டார்ட் ஆகாமல் ஃபென்சிங் அமைப்பை மாற்ற முடியுமா?

முடியும். ஃபென்சிங் என்பது, க்ளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் சர்வர் கூட்டத்தில்) கோளாறான சர்வர் பொதுவான டேட்டாவைக் கெடுக்காதபடி அதை வெட்டிவிடுவது. அதில் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. ஷேர்டு டிஸ்க்கை வைத்துச் செய்யும் ஸ்கஸி ஃபென்சிங் என்றே எடுத்துக்கொள்கிறேன். சர்வரின் பவரையே அணைக்கும் ஐபிஎம்ஐ வகை என்றால் பாஸ்வேர்டை மாற்றினாலும் மற்ற சர்வீஸ்களுக்கு ஒன்றும் ஆகாது. இப்படிக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நான் மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்க்கிறேன். அன்று தைப்பூசக் காவடிக்கு முந்தின இரவு. இரண்டு நோடு (க்ளஸ்டரில் உள்ள சர்வர்), ஒரு டேட்டாபேஸ், ரெட் ஹேட் லினக்ஸ் 8.2. புதிதாக வந்த ஒரு டிஸ்க்கை ஃபென்சிங் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கமான ‘பிசிஎஸ் ஸ்டோனித் அப்டேட்’ கட்டளையை அடித்தேன். பக்கத்துத் திரையில் ஸ்டேட்டஸ் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஸ்டார்ட்டட்’ என்றிருந்த வரிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக ‘ஸ்டாப்டு’ ஆயின: முதலில் விர்ச்சுவல் ஐபி, அப்புறம் டேட்டாபேஸ், கடைசியில் ஃபைல்சிஸ்டம். நான் கீபோர்டைத் தொடவே இல்லை. நாலு நிமிடத்தில் எல்லாம் தானாக எழுந்துவிட்டது. ஆனால் அதற்குள் பிரான்சிலிருந்து போன் வந்துவிட்டது.

காரணம் இதுதான். ஒவ்வொரு நோடும் டிஸ்க்கில் தன் சாவியைப் பதிந்துவைக்கும். அந்தச் சாவியை அழிப்பதுதான் ஃபென்சிங், திரும்பப் பதிவது அன்ஃபென்சிங். டிஸ்க் பட்டியல் மாறினால் நோடுகளை மறுபடி அன்ஃபென்ஸ் செய்ய வேண்டும் என்று க்ளஸ்டரை நடத்தும் மென்பொருளான பேஸ்மேக்கர் முடிவுகட்டுகிறது. அதற்காக அங்கே ஓடுவதையெல்லாம் நிறுத்தி எழுப்புகிறது.

முதலில் லேபில் செய்து பார்த்திருக்கலாமே என்று யாராவது வருவார்கள். பார்த்தேன். லேபில் இருந்தது ஐபிஎம்ஐ. ஷேர்டு டிஸ்க் கேட்டு எழுதிய மெயிலுக்குப் பதிலே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காவடி இங்கே பொது விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் அச்சிடும் நாடு இது. ஆனாலும் பத்து நாள் விரதமிருந்து விடிந்தால் காவடி எடுக்கப்போகிறவனுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் அந்த இரவு ஷிஃப்ட். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பட்டியல் ஒரு மாதம் முன்பே கேட்டுப் போடப்படுகிறது. அன்று கோயிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் கிளம்பியிருந்தது. அது இன்றுவரை ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். ரெட் ஹேட் 8.5 முதல் ‘பிசிஎஸ் ஸ்டோனித் அப்டேட்-ஸ்கஸி-டிவைசஸ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. மற்ற சர்வீஸ்களைத் தொடாமல் டிஸ்க் பட்டியலை மட்டும் மாற்றும். ‘செட்’ போட்டால் பழைய டிஸ்க்குகளையும் சேர்த்து முழுப் பட்டியலும் கொடுங்கள், விட்டுப்போனது நீங்கிவிடும். ஒன்றைச் சேர்க்க மட்டும் என்றால் ‘ஆட்’ போதும். ஃபென்ஸ் டிவைஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும், டிஸ்க்கில் பதிந்த சாவிகளைக் காட்டும் எஸ்ஜி-பெர்சிஸ்ட் கட்டளையைக் கொண்டு புதிய டிஸ்க்கில் இரண்டு நோடுகளின் சாவியும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.