பெட்டியில் '1080பி' என்று போட்டிருக்கும் மலிவு புரொஜெக்டரில் எழுத்துகள் ஏன் மங்குகின்றன?

நீங்களும் விலையைப் பார்த்து இணையத்தில் வாங்கியவராகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பெட்டியில் '1080பி'க்குப் பக்கத்தில் 'ஏற்கும்' என்ற பொருளில் சின்னதாக ஒரு சொல் இருக்கும். அவ்வளவு நுணுக்கமான படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் அர்த்தம். சுவரில் காட்டும் என்பதல்ல.

களுவாஞ்சிகுடியில் கணித ரியூஷன் நடத்துகிறேன். அந்தப் புரொஜெக்டரில்தான் கணக்குகளைச் சுவரில் காட்டினேன். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் வர்க்கத்தை, அதாவது அடுக்கு இரண்டை, அடுக்கு மூன்றாக எழுதி, அதன்பின் ஒரு பிழையும் விடாமல் கணக்கைச் செய்து முடித்திருந்தான். ஏசினேன். "சேர், அதில் மூன்றுதானே நிற்கிறது?" என்றான். அவனுடைய இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் மூன்றுதான். கிட்டப் போனால் மூன்றுமில்லை, இரண்டுமில்லை. பத்துப் பன்னிரண்டு சதுரங்கள், இடையே கொசுவலைபோலக் கறுப்புக் கோடுகள்.

அடிமட்டத்தை வைத்தேன். பத்துச் சதுரம் மூன்று சென்ரிமீற்றர். படத்தின் அகலம் எட்டடி. ஒரு சதுரம்தான் ஒரு புள்ளி. அப்படியென்றால் குறுக்கே ஏறக்குறைய 800 புள்ளிகள். விவரத்தாளைத் தேடியெடுத்தால் அதிலும் 800 × 480, அதாவது 384,000 புள்ளிகள். உண்மையான 1080பி என்றால் 1920 × 1080, இருபது இலட்சத்துக்கும் மேல். விளக்குக்கு முன்னால் இருக்கும் எல்சிடி தகட்டில் எத்தனை புள்ளியோ அத்தனைதான் சுவருக்கு வரும். படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியும்தான் பெரிதாகும், எண்ணிக்கை கூடாது.

"நாங்கள் படம் பார்க்கிறோம், நன்றாகத்தானே இருக்கிறது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: பாருங்கள், யார் வேண்டாம் என்றது? முகம் கொஞ்சம் மங்கினால் மூளை நிரப்பிக்கொள்ளும். அடுக்கை யார் நிரப்புவது?

பிறகு டிஎல்பி என்ற வகைப் பழைய புரொஜெக்டர் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நுண்கண்ணாடி. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து, ஒளியை லென்ஸுக்குள் விடும் அல்லது ஒதுக்கும். 1024 × 768தான். ஆனால் மடிக்கணினியையும் அதே அளவுக்கு மாற்றிவிட்டேன். புள்ளிக்குப் புள்ளி பொருந்துவதால் எழுத்து பளிச்சென்று நிற்கிறது. நீங்களும் விவரத்தாளில் கருவியின் சொந்த அளவு எது என்று பார்த்து, முடிந்தால் அதற்கே மாற்றுங்கள், எழுத்தையும் பெரிதாக்குங்கள்.

அந்த முதல் கருவி மச்சான் வீட்டில். கிரிக்கெட் பார்க்க ஒருநாள் இரவல் என்று கொண்டுபோனவர். அவருடைய மகன் என்னிடம் காசில்லாமல் படிக்கிறான், அதைக்கூட நான் சொல்லிக்காட்டியதில்லை. எச்டிஎம்ஐ கேபிளையாவது திருப்பித் தரலாம்.