கோழிக்கு டி.என்.ஏ. சான்றிதழ் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வளவுக்குக் காட்டுச்சேவல் ஒன்று வந்துபோகும். எங்கள் ஊர்க்கோழி பொரித்த குஞ்சுகளுள் ஒன்று சேவலாகி, அதன் சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் தெரிகிறது. ஓர் இறகும் 30,000 ரூபாயும் தந்தால் ‘தூய காட்டினம்’ என்று டி.என்.ஏ. சான்றிதழ் எடுத்து, நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், திரியாய்)

பதில்: கொடுக்க வேண்டாம். தாய் ஊர்க்கோழி என்று நீங்களே எழுதியிருக்கும்போது ‘தூய’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கொண்டையின் மஞ்சள் இலங்கைக் காட்டுச்சேவலுக்குரிய அடையாளம் என்பதால், உங்களுடையது கலப்பாக இருக்கக்கூடும், அவ்வளவுதான்.

மலிவான பரிசோதனைகள் பெரும்பாலும் இழைமணியின் (உயிரணுவுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பான மைற்றோகொண்ட்ரியாவின்) டி.என்.ஏ.யையே பார்க்கின்றன. அது தாயிடமிருந்து மட்டுமே குஞ்சுக்கு வருவதால், தகப்பன் எந்தக் காட்டிலிருந்து வந்திருந்தாலும் முடிவு ‘ஊர்க்கோழி’ என்றே வரும். மாறாக, காட்டுப்பேடு ஊர்ச்சேவலோடு சேர்ந்து பொரித்த கலப்புக்குஞ்சுக்கு அதே பரிசோதனை ‘காட்டுக்கோழி’ என்று சொல்லிவிடும். கலப்பை அறிய, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும், உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யைப் பல இடங்களில் வாசித்து, ஐயமற்ற காட்டுப்பறவைகளோடும் ஊர்க்கோழிகளோடும் ஒப்பிட வேண்டும். எதனோடு ஒப்பிடுவார்கள் என்று தரகரிடம் கேட்டுப்பாருங்கள்.

கால் மஞ்சளாக இருப்பதைக் காட்டியும் சிலர் விலை ஏற்றுகிறார்கள். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் வீட்டுக்கோழியின் தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு அதனுடையதன்று, இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் இனம் இலங்கையில் வாழ்வதில்லை. கடையில் தொங்கும் புரொய்லருக்கும் மஞ்சள் கால் இருப்பதை நினைத்துக்கொண்டால், அந்த அடையாளத்துக்கு என்ன பெறுமதி என்பது விளங்கும்.

தரகர் மறைக்கும் விடயம் ஒன்றுண்டு. சான்றிதழில் உண்மையாகவே ‘தூய காட்டினம்’ என்று வந்தால், நாட்டின் தேசியப் பறவையை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை, அனுமதியின்றி வைத்திருந்து விற்க முயன்றதற்கு உங்கள் கையிலுள்ள அந்தத் தாளே சாட்சியாகும். அவரோ பணத்தோடு போயிருப்பார். ஆய்வாளர்களே ஓர் இறகு எடுப்பதற்கும் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டிய நாட்டில், நேர்மையான ஐயத்தோடு வரும் கிராமத்தவர் போய்க் கேட்க ஒரு மேசைகூட இல்லை. இப்படிப்பட்ட தரகர்களுக்குப் பிழைப்பு கொடுப்பது இந்த வெற்றிடம்தான்.

சேவலைக் காட்டோரத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இலங்கைக்கு வெளியே எங்கும் இயற்கையில் இல்லாத இனத்துக்குள் வீட்டுக்கோழியின் மரபணு கசிவதற்கு அதுவே வழி; ராணிக்கெட் போன்ற நோய்களும் அதே வழியில் போகலாம். கூட்டில் அடைத்து வளருங்கள், கால்நடை வைத்தியரிடம் தடுப்பூசியைக் கேளுங்கள், வந்துபோகும் காட்டுச்சேவலைப் பிடிக்க யார் சொன்னாலும் இணங்காதீர்கள்.