முரசின் உட்புறத்தில் ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் வசிக்கிறேன். என் மகள் இங்கே ஒரு தைக்கோ வகுப்பில் ஜப்பானிய முரசு கற்றுக்கொள்கிறாள். ஜூலையில் ஜப்பான் டவுனில் நடந்த, முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழாவில் அவர்கள் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான போர்முரசுக் கலை’ என்று எங்கோ படித்ததை அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன். உடன் வேலை செய்யும் ஜப்பானியர் ஒருவர், “நீங்கள் பார்த்ததை 1951இல் ஒரு ஜாஸ் டிரம்மர் தொடங்கினார்” என்றார். மனம் விட்டுப்போயிற்று. அப்படியானால் இது நாட்டார் கலைதானா, இல்லை மேடைக்காகச் செய்துகொண்டதா? இங்குள்ள தமிழர்கள் பறை வகுப்பும் நடத்துகிறார்கள். பேசாமல் மகளை அதற்கே மாற்றிவிடலாமா?

– ஒரு வாசகர், சான் ஹோசே

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சக ஊழியர் சொன்னது உண்மை. அதற்காக மனம் விட வேண்டியதில்லை. உங்களை ஏமாற்றியது அந்த இரண்டாயிரம் ஆண்டு விளம்பரம்தான்.

முரசு ஜப்பானில் மிகப் பழையது. கோயில்களிலும், நோ, கபுகி நாடக மேடைகளிலும், ஓபோன் ஆட்டத்தின் நடுவே எழுப்பும் மர மேடையிலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அங்கெல்லாம் வழிபாட்டுக்கோ ஆட்டத்துக்கோ துணையாக ஒருவரோ சிலரோ வாசித்தார்கள். சிறிதும் பெரிதுமான முரசுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றையே கச்சேரியாக்கியவர் நாகானோ மாநிலத்து ஒக்காயாவைச் சேர்ந்த தைஹாச்சி ஒகுச்சி. சுவா கோயிலுக்குரிய பழைய முரசுக் குறிப்பொன்று அவர் கைக்கு வந்தது. ஜாஸ் வாசித்துப் பழகியவருக்கு அது எளிமையாகத் தெரிந்தது. டிரம் செட்டில் ஒரே ஆள் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் செய்யும் வேலையைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். இறுகக் கட்டிய சிறிய முரசு காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டது. பெரியது அடியிலிருந்து தாங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கையொட்டிய கலைவிழாவில் அவருடைய குழு வாசித்தது. பிறகு சாடோ தீவிலிருந்து ஒந்தேகோஸா, கோடோ குழுக்கள் கிளம்பி உலகம் சுற்றின.

வயதைக் கூட்டிச் சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது. அந்தப் பொய், இந்தக் கலையை உண்டாக்கிய மனிதர்களை மறைத்துவிடுகிறது. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பச் செய்து முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியே வந்த பிறகு பலர் தங்கள் பிள்ளைகளிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முரசைக் கையில் எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளும் அடுத்து வந்தவர்களும். லாஸ் ஏஞ்சலஸின் சென்ஷின் பௌத்த ஆலயத்தில் கின்னரா தைக்கோ 1969இல் பிறந்தது. அவர்களை அடைத்த முகாம்களில் ஒன்றான மன்சனார் இருந்த இடத்துக்கு முதல் நினைவுப் பயணம் போனதும் அதே ஆண்டுதான். உங்கள் ஊரின் சான் ஹோசே தைக்கோ 1973இல் வந்தது. மன்சனாருக்குப் போகும் அந்தப் பயணத்தில் இன்றைக்கும் தைக்கோ ஒலிக்கிறது. பெற்றோர் சொல்லாமல் வைத்திருந்த கதையைச் சொல்ல ஒரு தலைமுறைக்குக் கிடைத்த ஓசை அது. இதை நாட்டார் கலை என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

அவர்கள் அந்த முரசைச் செய்துகொண்ட விதத்தையும் பாருங்கள். ஜப்பானில் நல்ல முரசின் உடல் கெயாகி மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்யப்படுகிறது. விலை பல ஆயிரம் டாலர். கோயிலில் கூடிய இளைஞர்களிடம் அவ்வளவு பணம் ஏது? கலிபோர்னியாவில் திராட்சை மதுவுக்கான பழைய ஓக் பீப்பாய்கள் கிடைத்தன. அவற்றை வாங்கி, இரும்பு வளையங்களைக் கழற்றி, பலகைகளைப் பசை போட்டுச் சேர்த்துத் தேய்த்தார்கள். மாட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, பீப்பாயின் வாய்மேல் போர்த்தி, ஓரங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். கார் தூக்கும் ஜாக்கி வைத்துப் பீப்பாயை அடியிலிருந்து உயர்த்த உயர்த்தத் தோல் இறுகும். போதாததற்கு மேலே ஏறி நின்று மிதிப்பார்கள். ஓசை சரியாக வந்ததும் சுற்றிலும் குமிழ் ஆணி அடிப்பார்கள். அமெரிக்கத் தைக்கோ குழுக்கள் பலவும் இப்படிக் கூடிச் செய்த முரசுகளோடுதான் தொடங்கின.

பாடம் வாய்வழியாக நடப்பதை உங்கள் மகளிடம் கேட்டிருப்பீர்கள். நடுவில் அடித்தால் ‘தொன்’, விளிம்பில் அடித்தால் ‘கா’, வேகமாக இரண்டு அடி ‘தொகோ’. முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் கோல். சொற்கட்டு சொல்லிப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஒசாகாவில் நானிவா என்றொரு பகுதி உண்டு. பழைய பெயர் வத்தானபே கிராமம். எடோ காலத்திலேயே (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) தோல் வேலைக்கும் முரசு செய்வதற்கும் பேர்போன இடம். அங்கிருந்தவர்கள் புராகு மக்கள். செத்த விலங்கைத் தொடுகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். தோல் பதனிட்டவரைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் தோலின் ஓசையை மட்டும் கோயிலுக்குள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் இருந்தது. 1871இல் சட்டப்படி இழிநிலை நீக்கப்பட்டது. ஆனால் 1975இல், புராகு ஊர்களின் பெயர்ப் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கியது அம்பலமானது. வேலைக்கு வருபவர் எந்த ஊர் என்று பார்த்து ஒதுக்கத்தான் அந்தப் பட்டியல்.

அந்த நானிவாவில் 1987இல் ஒரு தைக்கோ குழு உருவானது. பெயர் ‘இக்காரி’, அதாவது கோபம். தலைமுறை தலைமுறையாக முரசு செய்துகொடுத்த ஊர், தானே கோலை எடுத்தது. அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த இசை ஆய்வாளர் யோஷிடாகா தெராடா, டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றியும், கர்நாடக இசை உலகின் சாதிப் பிணக்குகளைப் பற்றியும் எழுதியவர். இரண்டையும் ஒரே மனிதர் தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

பழைய முரசுகளின் தோலைப் பிரிக்கும்போது உடலின் உட்புறத்தில் மையால் எழுதிய எழுத்துகள் தென்படுவதுண்டு. செய்தவர் பெயர், ஊர், செய்த ஆண்டு. வத்தானபே கிராமத்துக் கைவினைஞர்களைப் பற்றித் தெரியவந்ததில் ஒரு பகுதி இப்படிக் கிடைத்ததுதான். ஊர் கூடிக் கேட்ட முரசைச் செய்தவர், தன் பெயரைத் தோலுக்குப் பின்னால் எழுதி மூடியிருக்கிறார். அடுத்த முறை தோல் மாற்றுகிறவர் மட்டுமே அதைப் படிக்க முடியும்.

பறையைப் பற்றிக் கேட்டீர்கள். சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டதாலேயே பறையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதையே தலைநிமிர்வுக்கான கருவியாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இருவருக்கும் நியாயம் இருக்கிறது. இன்று அமெரிக்கத் தமிழ் விழா மேடைகளில் பறை ‘ஆதித்தமிழர் இசை’ என்ற அறிவிப்போடு முழங்குகிறது. முழங்கட்டும். ஆனால் அந்த அறிவிப்பில் சாதி என்ற சொல் வராவிட்டால், உங்களை ஏமாற்றிய விளம்பரத்தின் தமிழ் வடிவம்தான் அது.

ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாற்ற வேண்டாம். நேரமிருந்தால் மகள் இரண்டையும் கற்கட்டும். இல்லையென்றால் அவளே முடிவு செய்யட்டும். பறை வகுப்பில், இந்தப் பறைக்குத் தோல் கட்டியவர் யார், எந்த ஊர், என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். தைக்கோ வகுப்பில், தோல் மாற்றும் வேலை எப்போது என்று விசாரித்து மகளோடு நீங்களும் போங்கள். ஊறிய தோல் நாறும், பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். கயிறு இழுக்க எப்போதும் ஆள் போதாது.

அன்புடன்