குற்றாலத்தைச் சுட்ட தம்பிக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம், பேர் போட வேண்டாம், ஏன்னு கடைசில புரியும். நாலு வருஷமா ஆன்லைன்ல செஸ் ஆடுறேன். அதுல பழகின ஒரு சின்ன குரூப் இருக்கு, நார்வேல ஒருத்தர், கஜகஸ்தான்ல ஒரு பையன், ஆஸ்திரேலியால ஒரு அக்கா. இப்பல்லாம் செஸ்ஸை விட ஊர்க்கதைதான் ஜாஸ்தி. நார்வேக்காரர் வானத்துல பச்சை பச்சையா வெளிச்சம் ஓடுற ஃபோட்டோ போடுறாரு, அக்கா வீட்டு வாசல்ல கங்காரு நிக்குது, அந்தப் பையன் ஜன்னலைத் திறந்தா பனிமலை. நம்ம ஊர்ல என்ன இருக்கு? கரிசக்காடு, வேலிக்கருவை, வெயிலு. போன மாசம் "உங்க ஊரைக் காட்டேன்"னு கேட்டாங்க, வெக்கமா இருந்துச்சு. உங்க சைட்ல இருந்த குற்றால ஃபோட்டோ ஒண்ணை எடுத்து எங்க ஊருன்னு போட்டுட்டேன். மன்னிச்சிருங்க. இனிமே என்னத்தைத்தான் போட?

*

தம்பி, முதல்ல அந்த ஃபோட்டோ. ஐந்தருவில எடுத்தது, எடுக்கும்போது பின்னாடி இருந்து ஒருத்தர் இடிச்சு ஃபோன் தண்ணிக்குள்ள போகப் பாத்துச்சு. கீழ்மூலைல மஞ்சளா ஒண்ணு தெரியும் பாருங்க, அது பூ இல்ல, யாரோ ஒரு மாமாவோட துண்டு. கோவமெல்லாம் இல்ல, ஆனா ஒண்ணு கேக்கேன், அதுக்கு குரூப்ல என்ன பதில் வந்துச்சு? "சூப்பர்", ரெண்டு ஹார்ட்டு, முடிஞ்சுது, அவ்வளவுதானே? எனக்கும் அதேதான் வந்துச்சு.

2012ல போஸ்ட்கிராசிங்னு, முகம் தெரியாத ஆளுங்களோட போஸ்ட்கார்டு மாத்திக்கிற சைட்ல ஒரு அம்மா பழக்கமானாங்க, கனடால வினிபெக், ரிட்டயர்ட் டீச்சர். அப்ப இருந்து எங்களுக்குள்ள பேச்சே மழையும் குளிரும்தான். நான் அருவி அருவியா அனுப்பினேன், மெயினருவி, பழைய அருவி, புலியருவின்னு ஒண்ணு விடல. "அழகு"ன்னு ஒரு வார்த்தைல பதில் வரும். அப்புறம் ஒரு ஐப்பசி ராத்திரி, மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும், வீட்டுக்குள்ள ஈசல் புகுந்துட்டு. எங்க அம்மா டியூப்லைட்டை அணைச்சுட்டு நடுவீட்ல ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி விளக்கை வெச்சாங்க, எல்லாம் அதுல போய் விழுது, விழாதது சுவரோரமா ரெக்கையை உதுத்துப்போட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரயில் மாதிரி ஊருது, ரசச்சட்டில நாலு ரெக்கை மிதக்குது. தூக்கமும் வரல, இருட்டுல இருபது செகண்ட் வீடியோ எடுத்து, அசிங்கமா இருந்தா மன்னிச்சிருங்கன்னு போட்டு அனுப்பிட்டேன்.

காலைல பாத்தா ரெண்டு பக்கத்துக்கு பதில் வந்திருக்கு. அவங்க ஊருக்கு வடக்க வினிபெக் ஏரி இருக்கு, அதோட கரைல கிம்லின்னு ஒரு ஊரு, அங்க கோடைல இதே கூத்துதானாம். மீன்ஈன்னு சொல்றாங்க, ஏரிக்குள்ள இருந்து ஒரேயடியா கிளம்பி வந்து சுவரு, காரு, கடைக்கண்ணாடி எல்லாம் அப்பிக்கிடக்கும், நடந்தா காலடில நொறுநொறுங்கும். வளந்த பூச்சிக்கு சாப்பிடவே வாய் வேலை செய்யாது, ஒண்ணு ரெண்டு நாள்ல கதை முடிஞ்சிரும். சின்ன வயசுல அவங்க அம்மாவும் விளக்கை அணைச்சுட்டு எல்லாரையும் இருட்டுல உக்கார வெப்பாங்களாம். அருவிக்கு அவங்ககிட்ட பதில் சொல்ல ஒண்ணும் இல்ல தம்பி, ஈசலுக்கு இருந்துச்சு. அருவி "எங்கிட்ட இருக்கு பாரு"ங்குது, அதுக்கு எதிர்ல ஆளு "ஆமா, அழகுதான்"னு சொல்லிட்டு கிளம்பிருவாரு.

பதிலுக்கு ஒரு சித்திரைல அவங்க அனுப்பினது பாம்பு. நார்சிஸ்னு ஒரு இடம், சுண்ணாம்புப் பாறைப் பொந்துக்குள்ள குளிர்காலம் முழுக்க கிடந்துட்டு பனி உருகினதும் பல்லாயிரக்கணக்குல மேல வருது, விஷத்துக்குப் பயப்பட வேண்டாத சாதி, கயிறு குவிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு. எங்க அம்மா அன்னைக்கு சாப்பிடல.

இப்ப உங்க ஊருக்கு வாரேன். ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு சிரிப்பா வருது. ஆடில உங்களுக்கு அடிக்கிற மேகாத்து எங்க இருந்து வருதுன்னு நினைக்கீங்க? செங்கோட்டைக் கணவாய் வழியா எங்க தலைக்கு மேல போற அதே காத்துதான். மலைல ஏறும்போது குளுந்து ஈரத்தை எல்லாம் கேரளா பக்கம் கொட்டிட்டு, மிச்சத்தை எங்களுக்கு சாரலா தூவிட்டு, கீழ இறங்க இறங்க காஞ்சு போயி உங்ககிட்ட வரும்போது வெறுங்காத்தா வருது. கயத்தாறுல காத்தாடி எல்லாம் வரிசையா சுத்துதே, அதைச் சுத்துறது எங்க சாரல்ல மிஞ்சினது. குற்றாலத்தைத் திருடிட்டோம்னு குற்ற உணர்ச்சியே வேண்டாம், பாதி உங்களுதுதான். பல்லு நறநறன்னு மண்ணாகுற அந்தக் காத்துல நின்னு காத்தாடியை ஒரு வீடியோ எடுங்க, இந்தக் காத்து காலைல எங்க இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. நார்வேக்காரர் கேள்வி கேப்பாரு பாருங்க.

கரிசல் வேற, கோடைல கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், ஒரு மழைல வீங்கி மூடிக்கும், செருப்புல அப்பி ரெண்டு இஞ்ச் ஹீல்ஸ் போட்ட மாதிரி நடப்போம், இதை அந்த ஆஸ்திரேலியா அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க நாட்டுலயும் இந்த மாதிரி வெடிக்கிற கறுப்பு மண் இருக்கு. முத மழைக்கு வெளிய வரும் பாருங்க செவப்பு வெல்வெட்டுல செஞ்ச மாதிரி தம்பலப்பூச்சி, அதுக்கு எட்டு காலு, சிலந்திக்கு சொந்தக்காரன். மேகம் போட்டா ஊரே மேல பாத்து சந்தோஷப்படும், தீப்பெட்டி ஆபீஸ்ல மட்டும் குச்சி காயாதேன்னு மூஞ்சி தொங்கும், இதெல்லாம் எந்த வெதர் ஆப்ல வரும்?

அந்த கஜகஸ்தான் பையன் இருக்கானே, அவனுக்குத்தான் உங்ககிட்ட பெரிய சரக்கு இருக்கு. மழைக்காலம் முடிஞ்சு மக்காச்சோளக் காட்டு மேல சாயங்காலம் புகை மாதிரி திரும்பித் திரும்பி ஒரு கூட்டம் பறக்குமே, சோளக்குருவி, உடம்பு ரோஸ் தலை கறுப்பு. அது இங்க குஞ்சு பொரிக்காது. பொரிக்கிறது அவங்க நாட்டுப் பக்கம், மத்திய ஆசியால, வெட்டுக்கிளியைத் தின்னு வளரும், குளிருக்கு நம்மகிட்ட வரும். ஜன்னல்ல பனிமலை தெரியும்போது அவங்க ஊருக் குருவி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாம இருக்கலாம். நீங்க காட்டுங்க.

நம்பர் சொல்லும்போது கொஞ்சம் கவனம். 2023 டிசம்பர் வெள்ளத்துல அந்த வினிபெக் அம்மா பதறிப்போய் மெசேஜ் பண்ணினாங்க, நான் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு எழுதினேன், "9.5ஆ, புள்ளி விட்டுப்போச்சா"ன்னு கேட்டாங்க. அவங்க ஊர்ல ஒரு வருஷத்துக்கு மழையும் பனியும் சேத்தே 52 சென்டிமீட்டர் பக்கம்தான். சும்மா 95னு சொல்லாம உங்க ஊர்ல கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பெய்யுறது ஒரு நாள்ல பெஞ்சுதுன்னு சொன்னப்புறம்தான் விழுந்துச்சு. அவங்களும் ஒரு தையில மைனஸ் 40ன்னு எழுதினாங்க, செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேட்டேன், ரெண்டுலயும் அதே நம்பர்தான், அந்த ஒரு இடத்துல மட்டும் ரெண்டும் சேந்துக்கும்னாங்க. மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள முடி ஒட்டிக்குமாம். எனக்கு 40ஐ விட அந்த மூக்குதான் புரிஞ்சுது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் நான் பண்ணினதை நீங்க பண்ணாதீங்க. பழைய கல்குவாரில கொம்பன் ஆந்தை குஞ்சோட இருந்துச்சு, பெருமை தாங்காம இடத்தோட பேரைப் போட்டு படத்தை ஏத்திட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை போனா அஞ்சாறு பேரு கேமராவோட, ஃபிளாஷ் வேற, குஞ்சு பாறை இடுக்குல ஒண்டிக்கிடக்கு, தாய் ரெண்டு நாளா அந்தப் பக்கம் அண்டலன்னு ஆடு மேய்க்கிற பெரியவர் சொன்னாரு. திட்டல, சொன்னாரு அவ்வளவுதான், அதுதான் இன்னும் உறுத்துது. கூடு, குஞ்சு, ஆந்தைன்னா லொகேஷனை ஆஃப் பண்ணிருங்க, "எங்க ஊர்ப்பக்கம்"னு சொன்னா போதும், நார்வேக்காரர் என்ன பைக்ல வந்தா பாக்கப் போறாரு.

குரூப்ல அந்த ஃபோட்டோ பத்தி உண்மையைச் சொல்லிருங்க, பக்கத்து ஊரு அண்ணாச்சி படம், மஞ்ச துண்டு அவருக்கே தெரியாத மாமான்னு. அவங்க சிரிப்பாங்க.

இங்க மூணு நாளா விடாத சாரல், கொடில போட்ட வேட்டி நாத்தம் எடுத்துட்டு. அங்க காத்து எப்படி? அனுப்புங்க, எனக்கும் சேத்து.